ஒரு அறை போனால் வாடகையில் எவ்வளவு போகும்?

சிங்கப்பூரில் ஒரு மூன்று படுக்கையறை வாடகை வீட்டில் பின் அறையின் சீலிங் ஒழுகுகிறது. கட்டிலை நகர்த்தியாயிற்று, வாளி வைத்தாயிற்று, ஓனருக்கு வாட்ஸ்அப்பில் படமும் அனுப்பியாயிற்று. "கான்ட்ராக்டர்கிட்ட சொல்லியிருக்கேன்" என்று பதில் வந்து மூன்று வாரம் ஆகிறது. இதற்குள் முதல் தேதி வந்துவிடுகிறது. 3,200 வெள்ளி வாடகையை அப்படியே பேநவ் வங்கிப் பரிமாற்றத்தில் அனுப்புவதா, அறைக்கான பங்கைக் கழித்துக்கொண்டு அனுப்புவதா?

கழித்து அனுப்பாதீர்கள். முழுத் தொகையையும் கட்டுங்கள். "குறைப்புக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் கட்டுகிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கட்டுங்கள். குறைப்பு என்பது கேட்டு வாங்க வேண்டியது, நாமே எடுத்துக்கொள்வது அல்ல. கோழைத்தனமாகத் தெரியலாம், ஆனால் காரணம் இருக்கிறது.

சிங்கப்பூரில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2001இல் நீக்கப்பட்டுவிட்டது. குடியிருப்பு வாடகையில் 'இந்தப் பகுதி பழுதானால் இத்தனை சதவீதம் குறை' என்று சொல்லும் சட்டம் எதுவும் இப்போது இல்லை. இருப்பது நீங்கள் கையெழுத்துப் போட்ட டிஏவும் (வாடகை ஒப்பந்தம்), அதற்குப் பின்னால் நிற்கும் ஆங்கிலேயப் பொதுச் சட்டமும்தான். அந்தப் பொதுச் சட்டத்தில் வாடகை கட்டுவது ஒரு கடமை, ஓனர் பழுது பார்ப்பது இன்னொரு கடமை. அவர் தவறினார் என்பதால் நீங்களும் தவறலாம் என்று ஆகாது. பெரும்பாலான டிஏக்களில் வாடகையை 'எந்தப் பிடித்தமும் இல்லாமல்' கட்ட வேண்டும் என்ற சொற்களும் இருக்கும். 7 நாளோ 14 நாளோ தாமதமானால் வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற ஷரத்தும் இருக்கும். போதாததற்கு, வாடகைப் பாக்கிக்காக வாடகைதாரரின் பொருள்களைப் பறிமுதல் செய்ய நீதிமன்ற ஆணை கேட்க ஓனருக்கு வழிசெய்யும் 1934ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. 12 மாதப் பாக்கிவரை அதில் கேட்கலாம். அறைக்கான பங்கு என்று 380 வெள்ளியைக் கழித்துக்கொண்டீர்கள் என்றால், அதுவரை தப்பு ஓனர் பக்கம் இருந்த விவகாரத்தில் 'பாக்கிக்காரர்' என்ற பெயர் உங்களுக்கு வந்துவிடும்.

கோவிட் காலத்தில் வாடகைக் கழிவு கொடுத்தார்களே என்று சிலர் இன்னும் கேட்கிறார்கள். 2020இன் அந்த ஏற்பாடு கடைகளையும் சிறு வணிகங்களையும் சேர்ந்தது. வீட்டு வாடகைக்கு அது பொருந்தாது.

டிஏவில் எங்கே பார்ப்பது

டிஏவின் முதல் பகுதி முழுக்க 'வாடகைதாரர் செய்ய வேண்டியவை'. அடுத்துச் சின்னதாக 'உரிமையாளர் செய்ய வேண்டியவை'. கடைசியில் 'இரு தரப்பும் ஒப்புக்கொள்பவை' என்று ஒரு பகுதி வரும். பலர் படிக்காமல் புரட்டும் பக்கம் அதுதான், நமக்கு வேண்டியதும் அங்கேதான் இருக்கிறது. வீடோ அதன் ஒரு பகுதியோ தீ, மின்னல், கலவரம், வெடிப்பு அல்லது இரு தரப்பின் கட்டுப்பாட்டுக்கும் அப்பாற்பட்ட வேறு காரணத்தால் சேதமாகிக் குடியிருக்கத் தகுதியற்றுப் போனால், சேதத்தின் தன்மைக்கும் அளவுக்கும் ஏற்ற நியாயமான பங்கு வாடகை, வீடு சரியாகும்வரை நிறுத்திவைக்கப்படும். கிட்டத்தட்ட இப்படித்தான் அந்த ஷரத்து இருக்கும்.

அதில் மூன்று இடங்களை அடிக்கோடிட்டுப் பாருங்கள். 'அதன் ஒரு பகுதி' என்ற சொற்கள் இருக்கின்றனவா? சில டிஏக்களில் 'வீடு' என்று மட்டும்தான் இருக்கும். அப்படியென்றால் ஒரு அறை போனதற்கு இந்த ஷரத்தில் வாதம் பலவீனம். அடுத்தது காரணங்களின் பட்டியல். 'வேறு காரணம்' என்ற வால் இருந்தால் மேல்வீட்டுக் கசிவும் அதற்குள் வந்துவிடும். தீ, மின்னலோடு பட்டியல் முடிந்தால் கஷ்டம். மூன்றாவது, 'வாடகைதாரரின் கவனக்குறைவால் நேர்ந்தது தவிர' என்ற விலக்கு. இது ஏறக்குறைய எல்லா டிஏவிலும் இருக்கும், ஓனர் முதலில் கை வைப்பதும் இதில்தான்.

ஏர்கான் நின்றுபோவது, சமையலறைக் குழாய் வேலை செய்யாமல் இருப்பது எல்லாம் 'சேதம்' என்ற சொல்லுக்குள் சுலபமாக அடங்காது. அதற்கு இன்னொரு வாசல் உண்டு. கூரை, சீலிங், முக்கியச் சுவர்கள், குழாய், மின்கம்பி ஆகியவற்றை நல்ல நிலையில் வைத்திருப்பது ஓனர் பொறுப்பு என்ற ஷரத்து. சில டிஏக்களில் ஏர்கானின் பெரிய பழுதும் அதில் சேரும். அதை அவர் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால் அது ஒப்பந்த மீறல், நீங்கள் கேட்பது இழப்பீடு. கணக்கு ஏறத்தாழ ஒன்றாகத்தான் வரும், ஆனால் பெயர் வேறு, தொடங்கும் நாளும் வேறு. சேத ஷரத்தில் அறை பயன்படாமல் போன நாளிலிருந்து எண்ணலாம். பழுது ஷரத்தில் நீங்கள் ஓனருக்குத் தகவல் சொல்லி, சரிசெய்ய நியாயமான அவகாசம் முடிந்த நாளிலிருந்துதான் எண்ண முடியும். சொல்லாமல் இருந்த நாள்களுக்குக் காசு கிடைக்காது.

சிறு பழுது ஷரத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு பழுதிலும் முதல் 150 அல்லது 200 வெள்ளி உங்களுடையது, அதற்கு மேல் ஓனருடையது என்பது பழுது பார்க்கும் செலவைப் பற்றியது. வாடகைக் குறைப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. "முதல் 200 நீங்கதானே கட்டணும், அதோட சரியாப் போச்சு" என்று ஏஜென்ட் சொன்னால் இரண்டையும் முடிச்சுப் போடுகிறார் என்று அர்த்தம். இன்னொரு பொறி: அந்த மேல்தொகையை ஓனர் தருவது பெரும்பாலும் அவர் முன்கூட்டியே சம்மதித்த வேலைக்குத்தான். நீங்களே பிளம்பரைக் கூப்பிட்டுவிட்டு பில்லை நீட்டினால் மறுக்க அவருக்கு உரிமை உண்டு.

சீலிங் கசிவைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம்

சிங்கப்பூரில் ஒரு அறை பயன்படாமல் போவதற்குச் சீலிங் கசிவு அடிக்கடி காரணமாகிறது. உங்கள் தலைக்கு மேலே இருப்பது மேல்வீட்டுக் குளியலறை. அதன் டைலுக்குக் கீழே சிமெண்டுப் பூச்சு, அதற்கும் கீழே நீர்த்தடுப்புப் படலம், பிறகு காங்கிரீட் தளம். படலம் வயதாகிக் கிழிந்தாலோ, குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில் இடைவெளி விட்டாலோ, பூச்சு தண்ணீரைக் குடித்துக் குடித்து வைத்திருந்து மெதுவாகக் கீழே விடும். அதனால்தான் மேலே குளித்து ஒரு நாள் கழித்துக்கூடக் கீழே சொட்டுகிறது. "நான் நேத்து தண்ணியே திறக்கலையே" என்று மேல்வீட்டுக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம்.

கறையைப் பார்த்தாலே பாதி தெரியும். பழுப்பு விளிம்போடு வட்டம் வட்டமாக, ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தால் நனைந்து காய்ந்து நனைந்த கசிவு. வெளிச்சுவர் மூலையிலோ அலமாரிக்குப் பின்னாலோ கறுப்புப் புள்ளிகளாக இருந்தால் அது பெரும்பாலும் ஏர்கான் குளிரில் படியும் ஈரத்தால் வரும் பூஞ்சை. "ஜன்னலைத் திறந்து வைக்கலை" என்று ஓனர் சொல்ல இடம் இருக்கும். பெயின்ட் உப்பி, காங்கிரீட் செதில் செதிலாக விழுந்து, உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிந்தால் அது ஸ்பாலிங். அந்த அறையில் யாரும் படுக்கக் கூடாது. 'தகுதியற்றது' என்பதற்கு அதைவிடத் தெளிவான படம் வேறு இல்லை.

எங்கிருந்து கசிகிறது என்று உறுதி செய்ய மேல்வீட்டுக் குளியலறையில் தண்ணீர் தேக்கியோ, சாயம் கலந்த தண்ணீர் ஊற்றியோ சோதிப்பார்கள். தேக்கிவைப்பது சாதாரணமாக 24 மணி நேரம். மேல்வீட்டுக்காரர் கதவைத் திறந்தால்தான் அது நடக்கும், வேலை இழுப்பதும் பெரும்பாலும் இங்கேதான்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு என்றால் கசிவைச் சரிசெய்வது மேல்வீட்டு, கீழ்வீட்டு உரிமையாளர்கள் இருவரின் கூட்டுப் பொறுப்பு. வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்துக்குத் தகுதி இருந்தால் செலவில் பாதியைக் கழகம் ஏற்கும், மீதியை இரண்டு வீட்டு உரிமையாளர்களும் கால் கால் பங்காகக் கட்டுவார்கள். வாடகைதாரராக உங்களுக்கு இதில் கட்ட எதுவும் இல்லை, ஆனால் ஓனருக்கு இது தெரியாமலே "ரெண்டாயிரம் ஆகும்" என்று தள்ளிப்போடுவது உண்டு. அதனால் நீங்களே சொல்லிவிடுங்கள். கொண்டோ (தனியார் அடுக்குமாடி) என்றால் கட்டடப் பராமரிப்பு, ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின் 101ஆம் பிரிவு உதவுகிறது: சீலிங்கில் ஈரம் என்றால், மாறாக நிரூபிக்கப்படாதவரை, நேர் மேலே உள்ள வீட்டின் குறைதான் காரணம் என்று அது எடுத்துக்கொள்கிறது. வெளிச்சுவரிலிருந்தோ மொட்டைமாடியிலிருந்தோ வந்தால் கொண்டோவின் நிர்வாக அமைப்பான எம்சிஎஸ்டியிடம் போக வேண்டும். எப்படியானாலும் மேல்வீட்டோடும் எம்சிஎஸ்டியோடும் பேச வேண்டியவர் உங்கள் ஓனர். உங்கள் ஒப்பந்தம் அவரோடு மட்டும்தான். "மேல்வீட்டுக்காரன் பண்ணினதுக்கு நான் ஏன் வாடகை குறைக்கணும்" என்று அவர் கேட்டால் டிஏவின் சேத ஷரத்தைக் காட்டுங்கள். அது யார் தப்பு என்று கேட்பதில்லை. உங்கள் தப்பு இல்லை என்றால் போதும்.

பழுது எவ்வளவு நாள் பிடிக்கும் என்றும் ஒரு பிடி இருக்க வேண்டும். கீழிருந்து துளை போட்டு ரசாயனம் செலுத்துவது ஒரு நாள் வேலை, ஆனால் சில மாதம் கழித்துப் பக்கத்திலேயே சொட்ட ஆரம்பிக்கலாம். முறையான வேலை என்றால் மேலே டைலை உடைத்து, படலம் புதிதாகப் போட்டு, தண்ணீர் தேக்கிப் பார்த்து, மறுபடி டைல் பதிக்க வேண்டும். வீவகவில் உடைக்க அனுமதி வாங்க வேண்டும், சத்தம் வரும் வேலை வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான். சனி, ஞாயிறில் உடைக்க முடியாது. ஆக, ஓனர் "இந்த வீக்கெண்ட்ல முடிச்சிடுவாங்க" என்றால் எந்த வேலையைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேலே வேலை முடிந்ததும் உங்கள் சீலிங்கில் உடனே பெயின்ட் அடிக்க விடாதீர்கள். உள்ளே தங்கிய ஈரம் காயாமல் அடித்தால் சீக்கிரமே உப்பிக்கொள்ளும், பிறகு பழைய கறையா புதிய கசிவா என்று யாராலும் சொல்ல முடியாது.

முதல் நாளிலிருந்து எழுத்தில்

பார்த்த அன்றே படம் எடுங்கள். கறைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேல் அல்லது அளவு நாடா, பிறகு அறை முழுவதும் தெரியும்படி ஒன்று, சொட்டும் சத்தத்தோடு ஒரு வீடியோ. அதே இடத்திலிருந்து அதே கோணத்தில் நாள்தோறும் ஒரு படம். அறையிலிருந்து கட்டிலை வெளியே கொண்டுவந்த நாளையும் படமாக வையுங்கள். 'அறை பயன்படவில்லை' என்பதற்கு அதுதான் நேரடிச் சான்று. கட்டில் உள்ளேயே கிடந்து, அதில் விரிப்பும் இருந்தால் உங்கள் வாதமே ஒழுக ஆரம்பித்துவிடும்.

செய்தியை ஏஜென்ட்டுக்கு மட்டும் அனுப்பினால் போதாது. டிஏவில் அறிவிப்பு யாருக்கு, எப்படி அனுப்ப வேண்டும் என்று ஒரு ஷரத்து இருக்கும், அதன்படி ஓனருக்கும் அனுப்புங்கள். குரல் செய்தி வேண்டாம். தமிழில் எழுதினால் தவறில்லை, ஆனால் விஷயம் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் போனால் ஆங்கிலம் அல்லாத எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பு கேட்பார்கள். நாற்பது தமிழ்ச் செய்திகளை மொழிபெயர்க்கக் காசு கொடுப்பதைவிட, முக்கியமான நான்கு செய்திகளை எளிய ஆங்கிலத்தில் போட்டுவிடுவது மேல்.

ஏர்கான் விஷயத்தில் சான்று உங்கள் பழைய ரசீதுகள்தான். டிஏவில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் உங்கள் பொறுப்பு என்று இருந்து, அதை இரண்டு முறை விட்டிருந்தால், அறைக்குள் இருக்கும் ஃபேன்காயில் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுவதற்கு நீங்கள்தான் காரணம் என்று ஆகிவிடும். வடிகால் குழாய் அடைப்புக்கு அது நியாயமும்கூட. கம்ப்ரசர் சாவது வேறு கதை. சிஸ்டம் 3 ஏர்கான் என்றால் வெளியே இருக்கும் ஒரே கம்ப்ரசர் மூன்று அறைக்கும் உயிர், அது நின்றால் மூன்றும் போகும். சர்வீஸ் ரசீதுகள் வரிசையாக இருந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

கணக்கு

எத்தனை கேட்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'பாதி வாடகை குறைங்க' என்று தொடங்கினால் ஓனர் போனை வைத்துவிடுவார். விளக்கக்கூடிய ஒரு எண் வேண்டும். தொடக்கத்தில் சொன்ன வீட்டையே எடுத்துக்கொள்வோம்: வீவக நாலறை வீடு (மூன்று படுக்கையறையும் கூடமும்), 90 சதுர மீட்டர், மாதம் 3,200 வெள்ளி, பின் அறை 10 சதுர மீட்டர், ஜூன் 3 முதல் 26 வரை 24 நாள் பயன்படவில்லை.

முதலில் நாள் வாடகை. 3,200ஐ 12ஆல் பெருக்கி 365ஆல் வகுத்தால் 105.21 வெள்ளி. 24 நாளுக்கு ஏறத்தாழ 2,525.

பரப்பளவுப்படி பார்த்தால் ஒன்பதில் ஒரு பங்கு, சுமார் 280 வெள்ளி. ஓனர் விரும்புவது இதைத்தான். நடைவழியையும் ஸ்டோர்ரூமையும் படுக்கையறைக்குச் சமமாக மதிப்பிடும் கணக்கு இது.

பயன்பாட்டின்படி எடை கொடுத்துப் பார்க்கலாம். கூடத்துக்கு 25, பெரிய அறைக்கு 25, மற்ற இரண்டு அறைக்கும் தலா 15, சமையலறைக்கு 10, குளியலறைகளுக்குத் தலா 5 என்று நூறைப் பிரித்தால் பின் அறை 15 சதவீதம், அதாவது சுமார் 379 வெள்ளி. இந்த எடை எந்தச் சட்டத்திலும் இல்லை, நானே போட்டது. உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம், ஆனால் கூட்டினால் நூறு வர வேண்டும்.

மூன்றாவது சந்தைக் கணக்கு, எனக்குப் பிடித்ததும் இதுதான். மூன்று படுக்கையறை வீட்டில் ஒன்று போனால் கையில் மிஞ்சுவது இரண்டு படுக்கையறை வீடு. வட்டாரவாரியாக, வீட்டு வகைவாரியாக இடைநிலை வாடகையை வீவக காலாண்டுதோறும் வெளியிடுகிறது. கொண்டோவுக்கு நகரச் சீரமைப்பு ஆணையத்தின் தளத்தில் ஒப்பந்த வாடகைகளைப் பார்க்கலாம். உங்கள் வட்டாரத்தில் மூவறை வீட்டின் (இரண்டு படுக்கையறையும் கூடமும்) வாடகை 2,600 என்று வைத்தால் வித்தியாசம் மாதம் 600, நாளுக்கு 19.73, 24 நாளுக்கு 473 வெள்ளி.

ஆக 280க்கும் 473க்கும் நடுவே ஒரு இடம். 470 கேட்டு 380இல் முடிந்தால் நல்ல முடிவு. நனைந்த மெத்தை, ஈரம் உறிஞ்சும் டிஹியூமிடிஃபையர் ஓட்டிய மின்கட்டணம் போன்றவை தனிக் கணக்கு. அவற்றை இதில் கலந்தால் இரண்டும் கெடும். வீவக தீக்காப்புறுதி உங்கள் பொருள்களுக்குப் பொருந்தாது, அது வீட்டின் கட்டமைப்புக்கு மட்டும்.

ஒரே கழிப்பறை உள்ள வீட்டில் அது போய்விட்டால் சதவீதம் பேச வேண்டியதில்லை, அந்த நாள்களுக்கு முழு வாடகையும் கேட்கலாம். இரண்டில் ஒன்று போனால் ஐந்து, பத்து சதவீதத்துக்குமேல் எதிர்பார்க்காதீர்கள். ஹோட்டலில் தங்க நேர்ந்தால் ஒரு எச்சரிக்கை: முழு வாடகையையும் நிறுத்திவிட்டு ஹோட்டல் பில்லையும் முழுதாகக் கேட்பது இரட்டைக் கணக்கு. வாடகை நின்றால், ஹோட்டலில் அதைவிடக் கூடுதலாக ஆன தொகையை மட்டும் கேளுங்கள். ஏர்கான் பத்து நாள் இல்லாததற்குச் சதவீதச் சண்டை போடுவதைவிட, நகர்த்தும் ஏர்கான் ஒன்றை ஓனர் செலவில் கேட்பதே என் யோசனை. இந்த வெயிலில் நூறு வெள்ளியைவிட அது பெரிது.

பக்கத்து புளோக்கில் அடித்தளத் தூண் இறக்கும் பைலிங் சத்தம், லிஃப்ட் இரண்டு நாள் ஓடவில்லை, கொண்டோ நீச்சல்குளம் மூடியிருக்கிறது போன்றவற்றுக்குக் கேட்டுப் பார்க்கலாம், கிடைப்பது அரிது. ஓனர் உங்களுக்குக் குளத்தை வாடகைக்கு விடவில்லை.

கேட்கும் விதம்

ஓனருக்கு மாத வாடகை எண்ணைக் குறைக்கப் பிடிக்காது. அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போது அந்த எண்தான் பேச்சுக்கு அடித்தளம் ஆகும் என்ற பயம். அதனால் 'வாடகையைக் குறையுங்கள்' என்று கேட்காமல், 'அடுத்த மாதம் ஒரு தடவை மட்டும் 380 கழித்துக்கொள்ளலாமா' என்று கேட்டால் சீக்கிரம் ஒப்புக்கொள்வார். அவர் வீட்டுக் காப்புறுதியில் வாடகை இழப்புக்கு ஈடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வதும் நல்லது. சில திட்டங்களில் உண்டு, அவரே அதை மறந்திருக்கலாம்.

ஓனர் நம்மவர் என்றால் "அண்ணே, கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க" என்று போனில் பேசி முடிப்பது வழக்கம். அதில் தவறில்லை, போனை வைத்த கையோடு ஒரு செய்தி போட்டுவிடுங்கள்: 'அண்ணே, இப்ப போன்ல பேசினபடி, ஜூன் 3லேர்ந்து 26 வரைக்கும் பின் ரூம் பயன்படாததுக்காக ஜூலை வாடகையில 380 கழிச்சு 2,820 அனுப்புறேன். ஆகஸ்ட்லேர்ந்து வழக்கம்போல 3,200. டெபாசிட்ல எந்த மாத்தமும் இல்ல. சரின்னா ஓகே போட்டுடுங்க.' அந்த 'ஓகே' வந்த பிறகுதான் 2,820ஐ அனுப்ப வேண்டும். வராவிட்டால் 3,200. டெபாசிட் பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். இப்போது தாராளமாகக் கழித்துவிட்டு, போகும்போது 'சீலிங் பெயின்ட்' என்று டெபாசிட்டில் பிடிக்கும் ஓனர்களும் இருக்கிறார்கள்.

பணம் எதுவும் ஏஜென்ட் கைக்குப் போகக் கூடாது. வீவக வீட்டு வாடகைப் பணத்தை ஏஜென்ட் கையாளவே கூடாது என்பது விதி.

ஒத்துவராவிட்டால்

சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம், நம் ஆள்கள் வாயில் 'ஸ்மால் கிளைம்ஸ்'. இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தங்களை இது விசாரிக்கும். 20,000 வெள்ளிவரை கேட்கலாம், இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000வரை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். தனிநபர் 5,000 வெள்ளிக்குள் கேட்டால் கட்டணம் 10 வெள்ளிதான். வழக்கறிஞர் கிடையாது, நீங்களே பேச வேண்டும். மனுவை இணையத்தில் சிங்பாஸ் (அரசு மின்னிலக்க அடையாளம்) வழியாகப் போடலாம், அங்கேயே எதிர்த்தரப்போடு இணையத்தில் பேரம் பேசவும் வசதி உண்டு. தீராவிட்டால் முதலில் பதிவாளர் முன் ஆலோசனைச் சந்திப்பு, அங்கும் முடியாவிட்டால் நடுவர் விசாரணை.

இங்கே இரண்டு இடத்தில் கால் இடறும். ஒன்று அந்த 'இரண்டு ஆண்டு'. 24 மாத ஒப்பந்தத்தோடு 'ஒரு வாரம் முன்கூட்டியே குடிவரலாம்' என்று சேர்த்து ஒப்பந்தக் காலத்தையே நீட்டி எழுதியிருந்தால் அது இரண்டு ஆண்டைத் தாண்டிவிடும். பிறகு மாஜிஸ்திரேட் நீதிமன்றம்தான், அங்கே 380 வெள்ளிக்காக யாரும் போக மாட்டார்கள். மற்றொன்று முத்திரைத்தாள் வரி. கையெழுத்திட்ட 14 நாளுக்குள் கட்ட வேண்டியது. நான்கு ஆண்டுக்கு மேற்படாத ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 சதவீதம், 3,200 வெள்ளி வீட்டுக்கு இரண்டு ஆண்டுக்கு 307 வெள்ளி. கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. பெரும்பாலான டிஏக்களில் இதைக் கட்டுவது வாடகைதாரர் பொறுப்பு என்பதால், விட்டுப்போனால் அடி உங்களுக்குத்தான். தாமதமானாலும் அபராதத்தோடு கட்டிவிடலாம்.

கொண்டுபோக வேண்டியவை: முத்திரைச் சான்றிதழோடு டிஏ, வாடகை முழுதாகக் கட்டிய பேநவ் பதிவுகள், தேதிவாரியாகப் படங்கள், ஓனருக்குத் தகவல் சொன்ன செய்தி, ஒரு பக்கக் கணக்கு. மேலே சொன்ன மூன்று முறையையும் அந்த ஒரு பக்கத்தில் போட்டு, எந்த எண்ணைக் கேட்கிறீர்கள் என்று வட்டமிடுங்கள். நடுவருக்கு வேண்டியது அந்தப் பக்கம்தான், ஓனரின் குணாதிசயம் அல்ல.

அறை மட்டும் எடுத்திருப்பவர்கள்

அறையோ பெட் ஸ்பேஸோ எடுத்திருப்பவர்களுக்கு முதல் கேள்வி: உங்கள் ஒப்பந்தம் யாரோடு? வீட்டின் ஓனரோடு என்றால் மேலே சொன்னது எல்லாம் பொருந்தும். உங்கள் அறையே போய்விட்டால் குறைப்பு 15 சதவீதம் அல்ல, கிட்டத்தட்ட முழுசும், ஏனென்றால் நீங்கள் எடுத்ததே அந்த அறைதான். ஓனர் வேறு அறைக்கு மாற்றிக் கொடுத்தால் அதை ஏற்பதே புத்திசாலித்தனம். ஆனால் வீட்டை மொத்தமாக எடுத்த ஒருவர் உங்களிடம் வசூலிக்கிறார் என்றால், உங்கள் கோரிக்கை அவர்மேல்தான், ஓனர்மேல் அல்ல. வீவக வீட்டில் வாடகைதாரர் உள்வாடகைக்கு விடுவது விதிமீறல் என்பதால், நீங்கள் குரலை உயர்த்தினால் அந்த ஆள் சமரசத்துக்கு வருவார், அல்லது உங்களைக் காலி செய்யச் சொல்வார். இரண்டுக்கும் தயாராக இருந்துகொண்டு பேசுங்கள். எழுத்தில் எதுவும் இல்லாவிட்டாலும் மாதாமாதம் போன பேநவ் பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் சான்றுதான். ரொக்கமாகக் கொடுப்பவர்கள் இந்த மாதத்திலிருந்தாவது மாறிக்கொள்ளுங்கள்.

பழைய புளோக் எடுப்பவர்களுக்கு

1997வரை கட்டிய வீவக வீடு என்றால் வீட்டு மேம்பாட்டுத் திட்டம் வரப்போகிறதா என்று கையெழுத்துக்கு முன்பே ஓனரிடம் கேளுங்கள். 75 சதவீத வாக்கு விழுந்தால் புளோக் முழுக்க வேலை நடக்கும். ஒரு வீட்டுக்குள் வேலை சாதாரணமாகப் பத்து நாள். கழிப்பறைகளை உடைக்கும் நாள்களில் தற்காலிகக் கழிப்பறை தருவார்கள், அதில் வயதானவர்களோடும் கைக்குழந்தையோடும் பத்து நாள் ஓட்டுவது எப்படி என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஸ்பாலிங் பழுது, கழிவுக்குழாய் மாற்றுவது எல்லாம் கட்டாய வேலை. கழிப்பறை மேம்பாடு ஓனர் விரும்பி எடுப்பது. அதனால் 'என் கையில் இல்லை' என்று அவர் சொல்ல முடியாது. வேலை நடக்கும் பத்து நாளுக்குப் பாதி வாடகை, 3,200 வெள்ளி வீட்டில் 526 வெள்ளி, கழித்துக்கொள்ளலாம் என்று டிஏவிலேயே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சாவி கைமாறும் முன்னால் அந்த வரிக்குப் பெரும்பாலான ஓனர்கள் தலையாட்டுவார்கள். பிறகு கேட்டால் அதே 526க்கு இரண்டு மாதம் பேச வேண்டியிருக்கும்.